நைஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'நல்ல' என்பது மட்டும்தான் பொருளா?

கேள்வி: நைஸ் என்றால் 'நல்ல', 'அழகான' என்றுதான் பள்ளியில் படித்தேன். சமீபத்தில் ஒரு தீர்ப்பில் 'எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா' என்று வந்தது. நல்ல கேள்வி என்று வழக்கறிஞரை நீதிபதி பாராட்டுகிறாரா? இந்தச் சொல்லுக்கு ஆதியில் 'முட்டாள்' என்று பொருள் இருந்ததாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் சுற்றுகிறது. அது உண்மையா? இதை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: நீதிபதி யாரையும் பாராட்டவில்லை. 'இது நுட்பமான சட்டக் கேள்வி, மெல்லிய ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது' என்கிறார். தமிழில் எழுதும்போது 'நுட்பமான சட்டப் பிரச்சினை' என்று போடுங்கள். 'நல்ல சட்டக் கேள்வி' என்று மொழிபெயர்த்தால் வாக்கியமே வேறு திசைக்குப் போய்விடும். வாட்ஸ்அப் செய்தியில் உள்ள தகவல் உண்மைதான். ஆனால் அதை வைத்துப் பலர் வந்து சேரும் முடிவு தவறு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இன்றைய பயன்பாட்டைப் பார்ப்போம், உங்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது அதுதான்.

இன்றைய ஆங்கிலத்தில் நைஸ் என்று ஒருவர் சொன்னால், 'இது எனக்கு இதமாக இருக்கிறது, பிடித்திருக்கிறது' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் தரத்தை அளந்து சொல்லும் சொல் இல்லை இது. சொல்பவருக்கு அது எப்படிப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. குட் என்ற சொல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். 'குட் டாக்டர்' என்றால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துக் குணப்படுத்துபவர். 'நைஸ் டாக்டர்' என்றால் உட்கார வைத்து, நாம் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, சிரித்த முகத்தோடு பேசுபவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர் தேடுவது குட் டாக்டரை. 'ஷி இஸ் எ நைஸ் டீச்சர், பட் நாட் எ குட் ஒன்' என்று ஒரு மாணவன் சொன்னால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. அன்பாக நடத்துகிறார், பாடம்தான் புரியவில்லை என்கிறான்.

கைண்ட் என்பதும் இதே மாதிரி குழப்பும். கைண்ட் என்றால் அடுத்தவரின் கஷ்டத்தைப் பார்த்து ஏதாவது செய்யும் மனம். நைஸ் என்பதற்கு அவ்வளவு தேவையில்லை, முகம் கொடுத்துப் பேசினாலே போதும். ஒருவரைப் பற்றிச் சிபாரிசுக் கடிதம் எழுதும்போது 'நைஸ் பெர்சன்' என்று மட்டும் எழுதிவிட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்? சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை போலிருக்கிறது என்றுதான். உண்மையிலேயே நல்லவர் என்றால் எந்த விதத்தில் என்று எழுதுங்கள்: ஹானஸ்ட், ஜெனரஸ், டிபெண்டபிள், எது பொருந்துகிறதோ அது.

அப்புறம் நைஸுக்குப் பின்னால் எந்த முன்னிடைச்சொல் வரும் என்பது. நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒருவர் நம்மிடம் அன்பாக நடந்துகொண்டார் என்றால் 'ஷி வாஸ் நைஸ் டு மீ'. தமிழில் 'என்னோடு', 'என்னிடம்' என்று நினைத்துவிட்டு 'நைஸ் வித் மீ' என்று எழுதுகிறோம். டு என்பதே சரி. ஒருவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரை மெச்சினால் 'இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்'. வந்தீர்களே, அது உங்கள் பெருந்தன்மை என்று பொருள். இங்கே ஆஃப் என்பதை எடுத்துவிட்டு ஃபார் போட்டால் பொருள் மாறிவிடும். 'இட் வில் பி நைஸ் ஃபார் யூ' என்றால் 'உனக்கு அது நன்றாக இருக்கும்' என்று ஆகிறது, நன்மை கேட்பவர் பக்கம் போய்விடுகிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பாடப்புத்தகங்களில் அதிகம் வராது: 'நைஸ் அபௌட் இட்'. பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கொடுத்த குடையை நீங்கள் பேருந்தில் விட்டுவிட்டீர்கள், தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள், அவர் 'பரவாயில்லை விடுங்க' என்றார். இதைச் சொல்ல 'ஹி வாஸ் வெரி நைஸ் அபௌட் இட்' என்பார்கள். கோபப்பட நியாயம் இருந்தும் கோபப்படவில்லை என்ற முழுச் செய்தியும் அந்த அபௌட்டில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் இது. இவ்வளவு சின்ன வாக்கியத்தில் ஒரு மனிதரின் குணத்தையே சொல்லிவிட முடிகிறது.

சந்திப்பில் சொல்வதையும் கவனியுங்கள். முதன்முதலாக ஒருவரைப் பார்க்கிறீர்கள், கை குலுக்குகிறீர்கள்: 'நைஸ் டு மீட் யூ'. பேசி முடித்துக் கிளம்புகிறீர்கள்: 'நைஸ் மீட்டிங் யூ'. ஏற்கெனவே தெரிந்தவரைத் திரும்பப் பார்க்கும்போது மீட் வராது, 'நைஸ் டு சீ யூ' வரும். பழைய நண்பரிடம் போய் 'நைஸ் டு மீட் யூ' என்றால், என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லையா என்று அவர் திகைப்பார்.

'நைஸ் அண்ட்' என்று தொடங்கும் ஒரு வகை இருக்கிறது. 'தி டீ இஸ் நைஸ் அண்ட் ஹாட்' என்பதை 'தேநீர் நன்றாகவும் சூடாகவும் இருக்கிறது' என்று இரண்டு குணமாகப் பிரித்தால் சரிவராது. 'நல்ல சூடாக இருக்கிறது' என்பதே பொருள். தமிழில் 'நல்ல சூடு', 'நல்லா கெட்டியா' என்று சொல்லும்போது 'நல்ல' அடுத்த சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கிறதல்லவா, இங்கே நைஸ் அண்ட் செய்வதும் அதுதான். 'நைஸ் அண்ட் ஸ்லோ', 'நைஸ் அண்ட் குவயட்' எல்லாம் இந்த வகை. ஆனால் அந்தச் சூடோ அமைதியோ விரும்பத்தக்கதாக இருக்க வேண்டும். உடைந்த எலும்பைப் பற்றி 'நைஸ் அண்ட் புரோக்கன்' என்று யாரும் சொல்வதில்லை.

பல பெயரடைகள் அடுத்தடுத்து வந்தால் நைஸ் முன்னால் நிற்கும். 'எ நைஸ் ஓல்ட் ஹவுஸ்' சரி, 'அன் ஓல்ட் நைஸ் ஹவுஸ்' காதுக்கு ஒட்டாது. சொல்பவரின் அபிப்பிராயம் முதலில், அளவு, வயது, நிறம் எல்லாம் அதற்குப் பிறகு என்பது ஆங்கிலத்தில் பொதுவான வரிசை.

தொனி பெரிய விஷயம். ஒரு சிறுகதையை எழுதி ஆங்கிலேய நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவர் படித்துவிட்டு 'குவைட் நைஸ்' என்று சொன்னால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் அந்த இடத்தில் குவைட் என்பது 'ஓரளவு' என்ற அளவில்தான் நிற்கும், ஆகவே 'பரவாயில்லை' என்கிறார். அமெரிக்கர் ஒருவர் அதே இரண்டு சொற்களைச் சொன்னால் பெரும்பாலும் 'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளலாம். 'நைஸ் ட்ரை' என்பது முயன்று தோற்றவரிடம் சொல்வது, ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டவரிடமும் சொல்வார்கள். குழந்தையிடம் 'தட்ஸ் நாட் நைஸ்' என்றால் 'அப்படிச் செய்வது தப்பு' என்ற கண்டிப்பு. 'எ நைஸ் மெஸ்' என்றால் நேர் எதிர்ப்பொருள், 'சரியான சிக்கல்' என்கிறார்கள். நண்பரின் படத்துக்குக் கீழே 'நைஸ் பிக்' என்று போடுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஒருவர் பல மாதம் உழைத்து முடித்த வேலைக்கும் அதே சொல்லைப் போட்டால் அது அவர் உழைப்புக்கு எட்டாது.

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு நைஸ் தெரிந்திருக்கும். யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் நைஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு செயலுக்கும் −20 முதல் 19 வரை ஒரு நைஸ் மதிப்பு உண்டு. எண் கூடக்கூட அந்தச் செயல் மற்றவற்றுக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கும். எண் குறைந்தால் முண்டியடித்து முன்னால் வரும். 'நைஸாக இரு' என்றால் 'அடுத்தவருக்கு இடம் கொடு' என்ற பொருளை அப்படியே எடுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பொருத்தமான கட்டளைப் பெயர்கள் கணினியுலகில் குறைவு.

இனி தீர்ப்பில் வந்த நைஸுக்கு வருவோம். 'நுட்பமான', 'துல்லியமான', 'மயிரிழை வேறுபாடுள்ள' என்பது இந்தச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. பேச்சிலிருந்து ஏறக்குறைய போய்விட்டது. எழுத்தில், குறிப்பாகச் சட்டத்திலும் தத்துவத்திலும், உயிரோடு இருக்கிறது. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நுண்ணிய வேறுபாடு. 'நைஸ் பாயிண்ட்' என்றால் கூர்ந்து பார்த்தால் மட்டும் பிடிபடும் ஒரு நுணுக்கம். கொலைக்கும், கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்ற மாதிரிக் கேள்விகளில்தான் இதைப் பார்ப்பீர்கள். செயல் ஒன்றுதான், விளைவும் ஒன்றுதான். செய்தவர் மனத்தில் எண்ணமும் அறிவும் எந்த அளவில் இருந்தன என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். அந்த மாதிரி இடத்தில் நீதிபதி நைஸ் என்று எழுதினால், தராசின் முள் எந்தப் பக்கமும் சட்டென்று சாயவில்லை என்பதையே சொல்கிறார்.

எது எந்த நைஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். டே, வெதர், ஷர்ட், பாய் என்று கண்ணால் பார்க்கவோ அனுபவிக்கவோ கூடிய ஒன்று என்றால் இன்றைய பொருள். கொஸ்டின், பாயிண்ட், டிஸ்டிங்ஷன், ஜட்ஜ்மெண்ட் என்று புத்தியால் பிரித்தறியும் ஒன்று வந்து, எழுத்தும் கனமாக இருந்தால் பழைய பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு பொருளுக்கும் இரண்டு தனிப் பெயர்ச்சொற்கள் இருக்கின்றன. நைஸ்னெஸ் என்றால் இனிய குணம். நைசிட்டி என்றால் நுணுக்கம். எழுத்தைப் பார்த்துவிட்டு 'நைஸ்ட்டி' என்று வாசித்துவிடாதீர்கள், நை-சி-ட்டி என்று மூன்று அசை. 'டு எ நைசிட்டி' என்றால் 'இம்மி பிசகாமல்'.

1815ஆம் ஆண்டு ஜூன் 18இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு, மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் தாமஸ் கிரீவி என்பவரிடம் அந்தப் போரைப் பற்றிப் பேசினார். கிரீவி அதை எழுதி வைத்திருக்கிறார். அதில் வெலிங்டன் அந்தப் போரை 'எ டாம்ன்ட் நைஸ் திங்' என்கிறார். பல்லாயிரம் பேர் செத்துக் கிடந்த களத்திலிருந்து வந்த தளபதி 'அருமையாக இருந்தது' என்று சொல்லியிருப்பாரா? மாட்டார். அடுத்து வரும் சொற்கள் அதைத் தெளிவாக்குகின்றன: வாழ்நாளில் காணக்கூடிய போட்டிகளிலேயே மிக நெருக்கமானது இதுதான் என்கிறார். நூலிழையில் தப்பினோம், எந்தப் பக்கமும் போயிருக்கலாம் என்பதே அந்த நைஸ். உங்கள் தீர்ப்பில் வரும் நைஸும் இதுவும் ஒரே குடும்பம்.

சரி, பிறப்புக்கு வருவோம். லத்தீனில் ஸ்கீரே என்றால் அறிதல். அதற்கு முன்னால் 'இல்லை' என்ற பொருள் தரும் நெ சேர்ந்து நெஸ்கியுஸ் என்று ஆனது: அறியாதவன். சயின்ஸ் என்ற சொல்லும் அதே ஸ்கீரேயிலிருந்து வந்ததுதான். கான்ஷஸ் என்பதும் அப்படியே. ஆக நைஸும் சயின்ஸும் ஒரு வேரில் கிளைத்தவை, ஒன்று 'அறியாமை' பக்கம், மற்றது 'அறிவு' பக்கம்.

நெஸ்கியுஸ் பழைய பிரெஞ்சில் நைஸ் என்ற எழுத்துகளோடு 'அசடு, மூடத்தனமான' என்ற பொருளில் வழங்கியது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வண்டி வண்டியாக ஆங்கிலத்துக்குள் வந்தன. அந்த வரிசையில் 1300ஐ ஒட்டிய காலத்தில் இதுவும் ஆங்கிலத்தில் தென்படத் தொடங்குகிறது. அப்போதைய பொருளும் அசடுதான். 14ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒருவரை நைஸ் என்றால் அவருக்குப் புத்தி போதாது என்று அர்த்தம். நைசிட்டி என்றாலும் அன்று மடத்தனம்தான். உச்சரிப்பும் இன்றைய மாதிரி இல்லை, 'நீஸ்' என்று நெடிலாக ஒலித்தது. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின. பெரும் உயிரொலி மாற்றம் என்று அதைச் சொல்வார்கள். 'டீம்' என்று ஒலித்தது 'டைம்' ஆனதும் 'நீஸ்' என்று ஒலித்தது 'நைஸ்' ஆனதும் அதனால்தான். எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் உள்ள நீஸ் நகரத்துக்கும் இதே எழுத்துகள், ஆனால் எந்த உறவும் இல்லை. நகரத்தின் பெயர் நிக்கையா என்ற பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது, அது வெற்றியோடு தொடர்புடையது.

வாட்ஸ்அப் செய்தியை நம்பாதவர்களுக்கு ஒரு நல்ல சாட்சி ஸ்பானிய மொழி. அதே லத்தீன் சொல் அங்கே நெசியோ என்று ஆகியிருக்கிறது. இன்றும் அதற்கு 'முட்டாள்' என்றே பொருள். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு சொற்கள், ஒன்று ஸ்பெயினில் வசவாகவே இருந்துவிட்டது, மற்றது இங்கிலாந்தில் பாராட்டாகிவிட்டது.

இவ்வளவு தூரம் எப்படி நகர்ந்தது? ஒரே நாளில் யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் பக்கத்தில் இருந்த இன்னொரு பொருளுக்கு ஒரு அடி எடுத்து வைத்தது. அசடு என்பதிலிருந்து அசட்டுத்தனமான நடத்தை, அதாவது வரம்பில்லாத ஆட்டம், ஆடம்பர உடை. எதிர்ப்பக்கத்தில், அசடு என்பதிலிருந்து கூச்சம், நாணிக் கோணுதல். கூச்சப்படுபவர் எதையும் சட்டென்று ஏற்கமாட்டார், ஆகவே 'எளிதில் திருப்திப்படாத, இது நொட்டை அது நொள்ளை என்கிற' என்ற பொருள். எல்லாவற்றிலும் குறை பார்க்கிறவருக்கு நுணுக்கம் தெரியும், ஆகவே 'நுட்பமாகப் பிரித்தறிகிற, துல்லியமான'. நுட்பமான ரசனை உள்ளவர் தேர்ந்தெடுக்கும் பொருளும் உயர்ந்ததாக இருக்கும், ஆகவே 'நேர்த்தியான, சுவையான'. அங்கிருந்து 'இனிய' என்பதற்கு ஒரு அடிதான். அந்த அடி 18ஆம் நூற்றாண்டில் விழுந்தது. 'அன்பாக நடந்துகொள்ளும்' என்ற பொருள் அதற்கும் பிறகு, 19ஆம் நூற்றாண்டில் வலுப்பட்டது. நான் இங்கே நேர்கோடாகச் சொன்னாலும், நடந்தது நேர்கோடாக இல்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பொருள்களில் பல ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தன. அக்கால நூல்களில் சில இடங்களில் எழுதியவர் எதை நினைத்தார் என்று அகராதிக்காரர்களே திணறுகிறார்கள்.

ஷேக்ஸ்பியரைப் படிக்கும் மாணவர்கள் இதில் இடறுவார்கள். ரோமியோ ஜூலியட் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று ரோமியோவுக்குச் சொல்ல வேண்டிய கடிதம் போய்ச் சேரவில்லை. கொண்டுபோனவரைக் கொள்ளைநோய்ப் பயத்தால் ஒரு வீட்டில் அடைத்துவிட்டார்கள். செய்தி கேட்டுப் பதறும் பாதிரியார் லாரன்ஸ், 'தி லெட்டர் வாஸ் நாட் நைஸ்' என்கிறார். 'கடிதம் நன்றாக இல்லை' என்று படித்தால் காட்சியே குலைந்துவிடும். 'அது அற்பக் கடிதம் இல்லை, தலைபோகிற விஷயம்' என்கிறார் அவர். 'சிறு விஷயம், அற்பம்' என்ற பொருளும் அன்று இந்தச் சொல்லுக்கு இருந்தது.

1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியைத் திறந்தால், நைஸுக்கு முதலில் நிற்பது 'மிக நுணுக்கமாகக் கணிக்கிற, தேவைக்கு மேல் துல்லியம் பார்க்கிற' என்ற பொருள். ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 'இனிய' என்ற புதுப்பொருள் இளைஞர்கள் வாயில் புகுந்துவிட்டது. இதைக் கண்ணெதிரே காட்டுபவர் ஜேன் ஆஸ்டின். அவருடைய நார்த்தாங்கர் ஆபி நாவல் 1817ஆம் ஆண்டின் இறுதியில், அவர் இறந்த பிறகு வெளியானது; எழுதியது ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு. அதில் கேத்தரின் என்ற இளம்பெண் தனக்குப் பிடித்த ஒரு நாவலை உலகிலேயே நைஸான புத்தகம் என்கிறாள். கூட வரும் ஹென்றி டில்னி என்ற இளைஞன் உடனே மடக்குகிறான்: நைஸ் என்றால் நேர்த்தி என்றுதானே சொல்கிறாய், அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். பிறகு, இது நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் உதவும் சொல் இது என்று கேலி செய்கிறான். அவன் சொல்லும் குற்றச்சாட்டு இன்றைக்கும் பொருந்தும்: எதைப் பற்றிய எந்தப் பாராட்டும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. அதே நேரத்தில் அந்தக் காட்சியில் நம் மனம் கேத்தரின் பக்கம் போவதையும் தடுக்க முடியாது. அவளுக்குப் புத்தகம் பிடித்திருக்கிறது, கைக்குக் கிடைத்த சொல்லால் சொல்கிறாள். பேச்சுமொழி ஜெயித்தது அவள் பக்கத்தில்தான்.

1926இல் ஆங்கிலப் பயன்பாட்டுக் கையேடு எழுதிய ஃபௌலரும் இதைப் பற்றி வருத்தப்பட்டார். தனித்தன்மையெல்லாம் போய், மங்கலான ஒரு மெல்லிய இனிமையைப் பரப்பும் சொல்லாகிவிட்டது என்பது அவர் புகார். எழுத்தைப் பொறுத்தவரை நான் ஃபௌலர் கட்சி. கட்டுரையில் நைஸ் வரும் இடமெல்லாம் நின்று, 'எனக்கு இதில் எது பிடித்தது' என்று கேட்டுக்கொண்டால் அதைவிட நல்ல சொல் தானாக வரும். சாப்பாடு நைஸ் என்பதைவிட டேஸ்ட்டி, மைல்ட், கிரிஸ்ப், எதுவோ அது. ஊர் நைஸ் என்பதைவிட பீஸ்ஃபுல், கிரீன், ஃப்ரெண்ட்லி. பேச்சில் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. தேநீர் கொடுத்தவரிடம் 'நைஸ் டீ' என்று சொன்னால் அவர் முகம் மலரும், அது போதும்.

வாட்ஸ்அப் செய்தியின் முடிவு தவறு என்றேனே, அது இதுதான். 'நைஸ் என்றால் முட்டாள் என்று பொருள், ஆகவே யாரையும் நைஸ் என்று சொல்லாதீர்கள், யாராவது சொன்னால் அவமானம் என்று அறியுங்கள்' என்று முடிகிறது அந்த வகைச் செய்தி. ஒரு சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை. பேசுபவர்களும் கேட்பவர்களும் இன்று எப்படிப் புரிந்துகொள்கிறார்களோ அதுவே பொருள். நமக்கு இது புதிதும் இல்லை. ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று கேட்டது நறுமணத்தை. இன்று ஒருவரிடம் போய் 'உங்கள் வீடு நாறுகிறது' என்று சொல்லிவிட்டு, ஆண்டாள் பொருளில் சொன்னேன் என்றால் ஏற்பாரா? நாற்றம் மேலிருந்து கீழே வந்தது, இதை இழிபொருட்பேறு என்பார்கள். நைஸ் கீழிருந்து மேலே போனது, அது உயர்பொருட்பேறு. ஆங்கிலத்திலேயே நைஸுக்கு நேர் எதிராக நடந்த சொல் சில்லி. பழைய ஆங்கிலத்தில் 'பேறு பெற்ற' என்று உயர்வாக இருந்து, 'வெகுளியான', 'பாவப்பட்ட' என்று இறங்கி, இன்று 'அசட்டுத்தனமான' என்ற இடத்தில் நிற்கிறது. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான செலிக் இன்னும் 'பேறு பெற்ற' என்ற பொருளிலேயே இருக்கிறது.

கடைசியாக, தமிழுக்குள் வந்த நைஸ். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட்டால் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு தவறு தொடரும். மாவு மில்லில் தூக்கை வைத்தால் 'நைஸா, கொரகொரப்பா?' என்று கேட்பார்கள். துணிக்கடையில் 'இந்தத் துணி நைஸா இருக்கும்' என்றால் வழவழப்பாக, மெல்லியதாக இருக்கும் என்று பொருள். கூட்டத்திலிருந்து ஒருவர் 'நைஸா நழுவிட்டார்' என்றால் யார் கண்ணிலும் படாமல் போனார். 'நைஸா பேசி வாங்கிட்டான்' என்றால் குழைந்து பேசிக் காரியம் சாதித்தான். இந்த மூன்று பொருளும் இன்றைய ஆங்கில நைஸில் இல்லை.

இதற்குக் காரணம் நம் வீட்டுச் சொற்கள் என்பது என் எண்ணம். நை என்ற வினை தமிழில் பழையது: துணி நைந்து போகிறது, கீரையை நையக் கடைகிறோம். நயம் என்ற சொல்லுக்கு நேர்த்தி, இனிமை, சாமர்த்தியம் எல்லாம் உண்டு. நயமாகப் பேசுவதும் இருக்கிறது, நயவஞ்சகமும் இருக்கிறது. நைச்சியம் என்று ஒன்று, நீசம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது, தாழ்மை என்று பொருள். வைணவ மரபில் ஆழ்வார்கள் தம் சிறுமையைச் சொல்லி இறைவன் முன் நிற்பதை நைச்சியானுசந்தானம் என்பார்கள். பேச்சுவழக்கில் அதுவே 'நைச்சியமாகப் பேசி' என்று குழைந்து பேசுவதற்கு ஆகிவிட்டது. ஆங்கில நைஸ் வந்து இறங்கிய இடத்தில் இந்த மூன்றும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. ஒலி ஒத்துப்போனது, பொருளும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். அரைக்கும் நைஸில் நையும், பேசும் நைஸில் நைச்சியமும் எனக்குக் கேட்கின்றன.

ஆகவே இவற்றைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது நைஸை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். மாவை 'கிரைண்ட் இட் நைஸ்லி' என்றால் ஆங்கிலேயருக்கு 'நன்றாக அரை' என்றுதான் புரியும், எவ்வளவு மென்மையாக என்பது தெரியாது. ஃபைன் அல்லது ஸ்மூத் என்று சொல்ல வேண்டும். 'ஹி வென்ட் அவே நைஸ்லி' என்றால் நழுவியது வராது, 'ஹி ஸ்லிப்ட் அவே' என்று எழுதுங்கள். நைஸாகப் பேசி வாங்கினான் என்பதற்கு 'ஸ்வீட்-டாக்' என்ற வினை சரியாக இருக்கும்.